காவல் பார்த்த கரை

1790ஆம் ஆண்டு பிறந்தபோது சிட்னியில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு ஒரே கவலை: கப்பல் எப்போது வரும்? கைதிகளும் சிப்பாய்களும் அதிகாரிகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொண்டுவந்த மாவும் உப்பிட்ட இறைச்சியும் தீர்ந்துகொண்டே போயின. விதைத்த தானியம் அந்த மண்ணில் சரியாகப் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து ஒரு கப்பலும் இல்லை, ஒரு கடுதாசியும் இல்லை. அவர்களுக்காகச் சரக்கேற்றிப் புறப்பட்ட 'கார்டியன்' என்ற கப்பல் 1789 டிசம்பரில் தென்கடலில் பனிப்பாறையில் மோதி, தப்பித்தோம் பிழைத்தோம் என்று கேப் டவுனுக்குத் திரும்பியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

துறைமுக வாயிலில் ஆள் போட்டார்கள். சிட்னி துறைமுகத்துக்குக் கடலிலிருந்து ஒரே வாசல்தான். வடக்கே நார்த் ஹெட், தெற்கே சவுத் ஹெட் என்று இரண்டு செங்குத்தான மணற்கல் முனைகள், நடுவே கடல். 1790 ஜனவரியில் 'சிரியஸ்' கப்பலின் மாலுமிகள் சவுத் ஹெட் பக்கத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். இதில் இரண்டு வேலை நடந்தது. கப்பல் தெரிந்தால் கொடி ஏறும், ஊருக்குள் சேதி தெரியும். இன்னொன்று, இங்கிலாந்திலிருந்து வருகிற கப்பல்கள் முதலில் திட்டமிட்டபடி தெற்கே பாட்டனி பேயில்தான் குடியேற்றம் இருக்கிறது என்று தேடும். 'இங்கே இருக்கிறோம்' என்று அவற்றுக்குக் காட்டவும் அந்தக் கம்பம் உதவும்.

டேனியல் சவுத்வெல் என்ற இளம் மாலுமியை அங்கே பொறுப்பில் வைத்தார்கள். அவர் தன் தாய்க்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மார்ச் மாதம் நிலைமை இன்னும் மோசமானது. குடியேற்றத்திடம் இருந்ததே இரண்டு கப்பல்கள். அவற்றில் பெரியதான 'சிரியஸ்' நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. மிச்சமிருந்த 'சப்ளை'யை உணவு வாங்கிவர பட்டேவியாவுக்கு அனுப்பிவிட்டு, வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 3ஆம் தேதி கொடி ஏறியது. கடற்படை அதிகாரி வாட்கின் டென்ச் அன்றைய காட்சியைத் தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். குழந்தைகளைக் கையில் ஏந்திக்கொண்டு பெண்கள் இங்குமங்கும் ஓடினார்கள், ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள், குழந்தைகளுக்கு முத்தம் கொடுத்தார்கள். டென்ச் மழையிலும் காற்றிலும் படகேறிப் போனார். கப்பலின் பின்புறத்தில் 'லண்டன்' என்ற எழுத்து தெரிந்த பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. வந்தது 'லேடி ஜூலியானா'. அதில் இருந்தவர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகள். சோறு வருமென்று காத்திருந்தவர்களுக்குப் பந்தியில் உட்கார இன்னும் இருநூறு பேர் வந்தார்கள். கூடவே பிரான்சில் புரட்சி வெடித்த செய்தியும் வந்தது. உணவுக்கப்பல் அதன்பிறகு, அதே மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து, 1792 ஜூனில், கல்கத்தாவிலிருந்து 'அட்லாண்டிக்' கப்பல் அரிசியும் ரவையும் பருப்பும் கொண்டுவந்தது. மாவும் மாட்டிறைச்சியும் தின்று வளர்ந்தவர்களுக்குப் பருப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது இந்தியர்கள் சிரித்துக்கொள்ள வேண்டிய ஒரு குறிப்பு.

இன்று அந்த சவுத் ஹெட் முனைக்கு நடந்து போகலாம். வாட்சன்ஸ் பே படகுத்துறையில் இறங்கி, கேம்ப் கோவ் என்ற சின்னக் கடற்கரையைத் தாண்டினால் பாதை தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர் சுற்று. மெதுவாக நடப்பவருக்கும் ஒரு மணி நேரம் போதும். வழியில் மணல், பாறை, வியூ பாயின்ட்கள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள், காதலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாதையில் நின்று கடலைப் பார்க்கும் இடம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பயந்தோ பசித்தோ காவல் காத்த இடம். அழகுக்காக இங்கே யாரும் முதலில் வரவில்லை.

அப்படிச் சொல்வதிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஆங்கிலேயருக்கு முன் இங்கே இருந்த பிர்ராபிர்ராகல் மக்களுக்கு இது வீடு. மீன் பிடித்து, சிப்பி பொறுக்கி, பாறையில் மீன் உருவங்களைச் செதுக்கி வாழ்ந்த இடம். 1788 ஜனவரி 21 அன்று ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் மூன்று படகுகளில் பாட்டனி பேயிலிருந்து வடக்கே வந்து, முனையைச் சுற்றி உள்ளே நுழைந்து, கேம்ப் கோவ் மணலில் கூடாரம் அடித்தார். மறுநாள் உள்ளே போய்த் தேடியதில்தான் இன்றைய சர்குலர் கீ இருக்கும் சிட்னி கோவ் அகப்பட்டது. ஐந்தே நாளில், ஜனவரி 26 அன்று, கப்பல்கள் எல்லாம் அங்கே வந்துவிட்டன. அடுத்த வருடம் ஏப்ரலில் பெரியம்மை பரவியது. துறைமுகத்தின் குடாக்களிலும் பாறை இடுக்குகளிலும் பிணங்கள் கிடந்ததை ஆங்கிலேயர்களே எழுதியிருக்கிறார்கள். சிட்னியைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளில் பாதிப் பேர் மாண்டிருக்கலாம் என்பது அன்றைய மதிப்பீடு. சவுத் ஹெட்டில் கொடிக்கம்பம் நடப்பட்டது அதற்கு ஒன்பது மாதம் கழித்து.

வாட்சன்ஸ் பே ஊருக்குப் பெயர் கொடுத்தவர் ராபர்ட் வாட்சன். 'சிரியஸ்' கப்பலில் மாலுமியாக வந்தவர். வருகிற கப்பல்களுக்கு முன்னே படகில் போய் வழிகாட்டும் பைலட் வேலை பார்த்து, பிறகு துறைமுகப் பொறுப்பாளராகவும் உயர்ந்தார். வாட்சன்ஸ் பே நெடுங்காலம் பைலட்டுகளும் மீனவர்களும் வாழ்ந்த ஒதுக்குப்புறமான கிராமமாகவே இருந்தது. 1811இல் சிட்னியிலிருந்து அங்கே சாலை போட்டார்கள். ஊர் மக்கள் சந்தா கொடுக்க, 73ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த 21 சிப்பாய்கள் பத்தே வாரத்தில் வேலையை முடித்தார்கள். இதைச் சொல்லும் கல் இன்றும் அங்கே நிற்கிறது. இந்தக் காலத்துச் சாலை ஒப்பந்தக்காரர்கள் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சாலை வந்த பிறகுதான் வசதியுள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு காற்று வாங்க இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்தது கலங்கரை விளக்கம். ஆளுநர் மக்வாரி 1816இல் அடிக்கல் நாட்டினார். கட்டியவர் ஃபிரான்சிஸ் கிரீன்வே. போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்ட கைதி, தொழிலால் கட்டடக் கலைஞர். வேலை முடியும் தறுவாயில், 1817 டிசம்பரில், மக்வாரி அந்தக் கோபுரத்தில் வைத்தே கிரீன்வேயிடம் விடுதலைப் பத்திரத்தைக் கொடுத்தார். உள்ளூர் மணற்கல் மிருதுவானது, நிற்காது என்று கிரீன்வே முன்பே எச்சரித்திருந்தார். அப்படியே ஆயிற்று. சில வருடங்களில் கல் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. இரும்புப் பட்டைகளைப் போட்டு இறுக்கிக் காலம் தள்ளினார்கள். 1883இல் ஜேம்ஸ் பார்னெட், பழையதற்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே சாயலில் புதுக் கோபுரம் எழுப்பினார். பழைய விளக்கின் முதல் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் நம் வாட்சன். நியமனமான அடுத்த வருடமே இறந்துபோனார்.

இந்த விளக்கு நின்ற இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. உயரமான குன்றில் இருப்பதால் வெகு தூரத்துக்குத் தெரியும். ஆனால் துறைமுக வாசல் அங்கிருந்து 2 கிலோமீட்டருக்கும் அதிகமாக வடக்கே. விளக்கைத் தாண்டி, இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் கப்பல் உள்ளே திரும்ப வேண்டும். வாசல் முனையில் வெளிச்சமே இல்லை. தெளிவான இரவில் இது பெரிய விஷயமில்லை.

1857 ஆகஸ்ட் 20 இரவு தெளிவாக இல்லை. மழை, தென்கிழக்குக் காற்று, கும்மிருட்டு. பிளிமத்திலிருந்து புறப்பட்டு 81 நாள் பயணம் செய்த 'டன்பார்' என்ற கப்பல் சிட்னியை நெருங்கியிருந்தது. பயணிகள் 63 பேர், சிப்பந்திகள் 59 பேர். பயணிகளில் பலர் புதிதாக வருபவர்கள் அல்ல. சிட்னியில் தொழிலும் வீடும் உள்ளவர்கள், பிறந்த நாட்டைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஜேம்ஸ் கிரீனுக்கு இந்தத் துறைமுகம் புதிதல்ல. இருந்தும் நள்ளிரவை ஒட்டி, விளக்குக்கும் வாசலுக்கும் இடையே குன்று பள்ளமாக இறங்கும் 'கேப்' என்ற இடத்துக்கு அருகே கப்பல் பாறையில் மோதியது. அந்தப் பள்ளத்தையே வாசல் என்று எண்ணியிருக்கலாம் என்பார்கள். சில நிமிடங்களில் கப்பல் துண்டு துண்டானது.

விடிந்தபோது ஊருக்குள் யாருக்கும் எந்தக் கப்பல் என்றே தெரியவில்லை. அலையில் மிதந்து வந்த பொருள்களிலிருந்துதான் 'டன்பார்' என்று கண்டுபிடித்தார்கள். குன்றின் மேல் கூட்டம் கூடியது. கீழே உடல்கள் பாறையில் மோதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அந்தக் கப்பலில் வரவேண்டியவர்களின் உறவினர்களும் இருந்தார்கள். ஒன்றரை நாள் கழித்து, பாறை விளிம்பு ஒன்றில் ஓர் ஆள் உயிரோடு இருப்பதை யாரோ கவனித்தார்கள். ஜேம்ஸ் ஜான்சன் என்ற இளம் மாலுமி. ஒரு பையனைக் கயிற்றில் இறக்கி, அவரை மேலே தூக்கினார்கள். 122 பேரில் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். இறுதி ஊர்வலத்தன்று சிட்னியில் கடைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடந்தன. சாலையின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள். ஜான்சன் பிறகு நியூகாசில் கலங்கரை விளக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1866இல் அந்தத் துறைமுக வாயிலில் 'கவாரா' என்ற நீராவிக் கப்பல் மூழ்கியபோது அதிலும் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டவர்களில் ஜான்சனும் ஒருவர். கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

'டன்பார்' மூழ்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, எதிர்ப்புறம் நார்த் ஹெட்டில் 'கேதரின் ஆடம்சன்' மோதி 21 பேர் இறந்தார்கள். அரசு இனியும் தாமதிக்கவில்லை. 1858இல் சவுத் ஹெட்டின் நுனியிலேயே ஹார்ன்பி விளக்கு எரிந்தது. நடைபாதையின் முடிவில் நிற்கும் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரம் இதுதான். உயரம் 9 மீட்டர்தான். தென்னை மரம் அதைவிட உயரம். மேலிருந்த பழைய விளக்கோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் நெடுக்குவாட்டில் பட்டை தீட்டினார்கள். இன்று அதன் முன் நின்று சிரித்துப் படமெடுப்பவர்களில் எத்தனை பேர் அது யாருடைய சாவுக்குப் பிறகு கட்டப்பட்டது என்று அறிவார்களோ.

விளக்குக்குப் போகும் வழியில் பாறையைக் குடைந்த பள்ளங்களும் இருண்ட தாழ்வாரங்களும் வரும். இவை பீரங்கிக் குழிகள். முதலில் பயம் ரஷ்யாவிடம். 1850களில் கிரிமியப் போர் நடந்தபோது ரஷ்யக் கப்பல்கள் சிட்னிக்கு வந்து தங்கச் சுரங்கத்துப் பணத்தைக் கொள்ளையடிக்கும் என்று பேச்சு. 1870இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதும், இனி நம் கரையை நாமே காக்க வேண்டும் என்று குடியேற்றம் மும்முரமாக இறங்கியது. கேம்ப் கோவின் வடகோடியிலிருந்து மேலேறும் கல் பாவிய பாதை அப்போது போட்டது. கால் வழுக்காத அந்தக் கற்கள் மீதுதான் பீரங்கிகளை இழுத்துப் போனார்கள். ரஷ்யர்கள் வரவே இல்லை.

எதிரி வந்தது 1942இல். மே 31 இரவு மூன்று ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் இந்த வாசல் வழியாக நுழைந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டே பேர். கேம்ப் கோவை ஒட்டிய கிரீன் பாயின்ட்டிலிருந்து எதிர்க்கரையின் ஜார்ஜஸ் ஹெட் வரை துறைமுகத்தின் குறுக்கே இரும்பு வலை கட்டியிருந்தார்கள். வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை; இரண்டு ஓரங்களிலும் இடைவெளி. கடலடியில் போட்டிருந்த மின்கம்பி முதல் நீர்மூழ்கி கடந்ததை இரவு 8 மணியளவில் பதிவு செய்தது. படகுகள் போய்வரும் நேரம், அதில் ஒன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அந்த நீர்மூழ்கி வலையில் சிக்கிக்கொண்டது.

அதைக் கண்டுபிடித்தது ராணுவம் இல்லை. வலை வேலை நடக்கும் இடத்துக்குக் காவலாக இருந்த ஜேம்ஸ் கார்கில் என்ற சிவிலியன் துடுப்புப் படகில் போய்ப் பார்த்தார். தண்ணீரில் ஏதோ இரும்புப் பொருள் திணறிக்கொண்டிருந்தது. ரோந்துப் படகுக்குப் போய்ச் சொன்னார். சொன்னதை நம்பி, பார்த்து, மேலே தகவல் கொடுத்து, நடவடிக்கை தொடங்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. சிக்கிய இருவரும் இரவு 10.35 மணிக்கு வெடிவைத்துத் தங்களையும் கலத்தையும் அழித்துக்கொண்டார்கள். அதற்குள் இரண்டாவது நீர்மூழ்கி உள்ளே போய்விட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் 'சிகாகோ'வுக்குக் குறிவைத்த அதன் டார்பிடோ, மாலுமிகள் தூங்கிக்கொண்டிருந்த 'குட்டபுல்' என்ற பழைய பயணிகள் படகின் அடியில் வெடித்தது. 21 பேர் செத்தார்கள். அடித்துவிட்டுத் தப்பிய அந்த நீர்மூழ்கி எங்கே போனது என்பது 2006 வரை மர்மம். சிட்னிக்கு வடக்கே கடலடியில் பொழுதுபோக்காக முக்குளிப்பவர்கள் கண்டெடுத்தார்கள். பல பத்தாண்டுகளாகக் குழி வெட்டிப் பீரங்கி நிறுத்திக் காத்திருந்த முனை, எதிரி நிஜமாகவே வந்த இரவில் கோட்டை விட்டது. கண்ணில் பட்டது ஒரு வாட்ச்மேனுக்கு.

கேப் குன்றுக்கு இன்னொரு துயரமும் உண்டு. வாழ்க்கை வெறுத்தவர்கள் அங்கே வருவது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிறது. எதிர்வீட்டில் 1960களிலிருந்து வாழ்ந்த டான் ரிச்சி என்ற முன்னாள் கடற்படைக்காரர் காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். விளிம்பில் யாராவது தனியே நின்றால் மெதுவாகப் போய், வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிக்கிறீர்களா என்று கேட்பார். அப்படி அவர் திருப்பி அழைத்துவந்தவர்கள் 160 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. 2012இல் இறந்தார். இந்த முனையில் காவல் பார்த்தவர்களில் வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

குளிக்க வந்த கதை வேறு. 1830களில் சிட்னியில் பகல் வெளிச்சத்தில் ஊர்ப்பக்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள், மானம் போய்விடுமாம். 1902இல் துறைமுகத்துக்கு வடக்கே மேன்லியில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், நட்டநடுப் பகலில் குளிக்கப்போகிறேன், முடிந்தால் பிடியுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு இறங்கினார். அடுத்த வருடத்தில் தடை தளர்ந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. 1976இல் மாநிலப் பிரதமர் நெவில் ரான் அரசு, சவுத் ஹெட் பாதையின் கீழே இருக்கும் லேடி பேயில் துணியே இல்லாமல் குளிக்கலாம் என்று அனுமதித்தது. பாறைகளுக்கு நடுவே சின்ன மணல் திட்டு. பாதை அதற்கு மேலே போகிறது. குழந்தைகளோடும் மாமியார் மாமனாரோடும் போகிறவர்கள் அந்த இடத்தில் எதிர்க்கரை அழகை ரசித்துக்கொண்டே நடந்துவிடுவது உத்தமம்.

இத்தனை விலை பேசும் ஊரில் இந்த முனை எப்படிக் கட்டடம் ஆகாமல் தப்பியது? துறைமுகத் தண்ணீர் தெரியும் ஒரு ஜன்னலுக்குச் சிட்னிக்காரர்கள் சொத்தை எழுதித் தருவார்கள். பதில் எளிது: ராணுவம் கம்பிவேலி போட்டு வைத்திருந்தது. பொதுமக்கள் நுழையக் கூடாது என்ற பலகைதான் ஒரு நூற்றாண்டாகப் புதரையும் பாறையையும் காப்பாற்றியது. 1975இல் சிட்னி ஹார்பர் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, ராணுவம் தனக்குத் தேவையில்லாத முனைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தது. முழுதாக இன்னும் போய்விடவில்லை. எச்.எம்.ஏ.எஸ். வாட்சன் என்ற கடற்படைப் பயிற்சித் தளம் முனையின் நடுவே இருக்கிறது. பழைய பைலட்டின் பெயர்தான் அதற்கும். நடைபாதை அதன் வேலியை ஒட்டி வளைந்துதான் போகிறது. ராணுவத்தைத் திட்ட எத்தனையோ காரணம் உண்டு; இதற்கு மட்டும் ஒரு நன்றி சொல்லிவிடலாம்.

பிள்ளைகளைப் பார்க்கச் சிட்னி போகும் தமிழ்ப் பெற்றோரை ஓபரா ஹவுஸுக்கும் ப்ளூ மவுண்டன்ஸுக்கும் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் அழைத்துப் போகிறார்கள். இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சர்குலர் கீயிலிருந்து படகேறினால் அரை மணிக்குள் வாட்சன்ஸ் பே. ஜூன், ஜூலையில் போனால் வடக்கே போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கண்ணில் படலாம். டிசம்பர் 26 அன்று ஹோபர்ட்டுக்குப் பாய்மரப் படகுப் பந்தயம் இந்த வாசல் வழியாகத்தான் கிளம்புகிறது; அன்று நிற்க இடம் கிடைக்காது. பாதையில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். குளிக்க ஆசைப்பட்டால் அலை அடங்கிய கேம்ப் கோவில் குளியுங்கள். கடல் பக்கம் எங்கேயும் இறங்க வேண்டாம்.